லங்கனெஸ் பெரியப்பாவின் சொற்கள்

ஹெர்தீஸ் அதுவரை படைத்த சொற்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

சில பிறந்த அன்றே இறந்தன. சில, செய்தித்தாளின் உட்பக்கத்தில் ஒரு வாரம் மூச்சுவிட்டுப் பார்த்து, பிறகு அடங்கின. அலாரத்தை அணைத்துவிட்டு மீண்டும் மீண்டும் புரண்டு படுப்பதை ஊரெல்லாம் ‘ஸ்நூஸ்’ என்றபோது, ஹெர்தீஸ் அதற்கு ‘மோக்ரா’ என்றொரு வினைச்சொல்லை ஆக்கிக் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தைக் குறிக்கும் பழைய வேர். அதன்மேல் அதனினும் பழைய விகுதி. இலக்கணத்தில் இம்மியளவும் பிசகில்லை. ஊர் அதை மரியாதையோடு வாசித்தது. மறுநாள் காலை மறுபடியும் ஸ்நூஸ் போட்டது.

ஐஸ்லாந்தில் மின்பொறியாளர்களுக்கு ஒரு சொற்குழு உண்டு; பறவை ஆய்வாளர்களுக்கு ஒன்று உண்டு; பின்னல் வேலைக்காரர்களுக்கும் ஒன்று உண்டு. கைபேசி, திரை முதலிய அன்றாடப் பொருள்களுக்கான குழுவின் தலைவர் ஹெர்தீஸ். எண் என்ற சொல்லையும் குறிசொல்பவள் என்ற சொல்லையும் ஒட்டவைத்துக் கணினிக்குப் பெயரிட்ட நாடு அது. நூலிழையைக் குறித்த பழஞ்சொல் ஒன்றைத் தூசிதட்டி எடுத்துத் தொலைபேசிக்கு வழங்கிய நாடும் அதுவே. அத்தகைய நாட்டில் பிறந்து, ரெய்க்யவிக் பள்ளியொன்றில் ஆசிரியையாகத் தலைமுறைக் கணக்கில் இலக்கணம் கற்பித்து, ஒரு சொல்லையேனும் மக்கள் வாயில் ஏற்றாமல் விடைபெறுவதா என்பதே அவருடைய கவலை. வரும் வசந்தத்தில் அவருடைய தலைமைப் பொறுப்பு முடிகிறது. அதற்குள் ஒன்று வாழ வேண்டும். ஒன்று போதும், இரண்டாவதற்கு அவர் ஆசைப்படவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் குழு, வழக்கம்போல் நூலகத்தின் பின்னறையில் கூடியது. குடுவையில் காப்பியும், முறுக்கிப் பொரித்த க்ளெய்னாவும் இருந்தன. எடுத்துக்கொண்ட சொல் ‘ஸ்க்ரோல்’.

“லோய்த்ரா,” என்றார் ஹெர்தீஸ். “‘லோய்த்’துன்னா, புல்லு மொளைச்ச சின்னப் பள்ளம். ஆடு தலையத் தூக்காம பள்ளம் பள்ளமா மேஞ்சுக்கிட்டே போகும் பாருங்க. இங்க ஒரு வாய், அங்க ஒரு வாய். எதுலயும் வயிறு நிறையாது. கைபேசியில நாம செய்யறதும் அதுதானே?”

குழுவில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் அஸ்கெல்; அகராதி அலுவலகத்தின் பதிப்பாசிரியர். க்ளெய்னாவைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்த அவர், அது முழுதும் ஊறும்வரை காத்திருந்து, தின்று, விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கமிட்டி வாசனை அடிக்குதே, ஹெர்தீஸ்.”

“வாசனையா?”

“சில சொல்லு மண்ணுல மொளைக்கும். சிலது மேசை மேல மொளைக்கும். இது மேசை மேல மொளைச்சது. வார்னிஷ் வாசனை இங்க வரைக்கும் வருது.”

அஸ்கெல் முன்மொழிந்த சொல், ‘திரைப்பரப்பை விரலால் தொடர்ந்து தள்ளிச் செல்லுதல்’ என்னும் பொருளை ஒரு பகுதியும் விடாமல் சுமந்தது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாதது. வாக்கெடுப்பில் அது வென்றது. வென்ற நாளுக்குப் பிறகு அதை அஸ்கெல்லே பயன்படுத்தியதில்லை. தோற்ற சொற்களைக் குழு எங்கும் எழுதிவைப்பதில்லை. அது மறைந்தவர்க்குக் காட்டும் மரியாதை என்பது குழுவின் மரபு. ஆகவே லோய்த்ரா, காப்பிக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவப்பட்டுவிட்டதாகவே ஹெர்தீஸும் நினைத்தார்.

குளிர்காலம் தொடங்கியது. பேட்டை நீச்சல் குளத்தின் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில், விடியாத காலைகளில், வழக்கமான தலைகள் வழக்கமான மூலைகளில் மிதந்தன. தொட்டிக்குள் அமைச்சரும் ஒருமைதான். கழுத்துவரை தண்ணீரில் அமர்ந்திருப்பவர் யாரிடமும் பன்மை விகுதியை எதிர்பார்ப்பதில்லை. நீர் பீய்ச்சும் மூலை, குழாய்வேலைக்காரர் பெர்சிக்கு உரியது. அவருக்கு எதிரே, கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலேயே ஊறுபவர் வங்கி ஊழியர் ஸ்வாவா. மேலிருந்து ஆலங்கட்டி விழுந்தபடி இருந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

“என் வீட்டுக்காரி இருக்காளே,” என்று பெர்சி தொடங்கினார், “படுத்தா போனு, எழுந்தா போனு. நேத்து மீனை அடுப்புல வெச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே நின்னா. மீன் கரைஞ்சு கஞ்சியாயிடுச்சு. நான் அதை ஸ்பூனால குடிச்சேன்.”

“ஸ்க்ரோல்னு சொல்லாத, பெர்சி,” என்றார் ஹெர்தீஸ்.

இதற்காகவே காத்திருந்ததுபோல் தொட்டி சிரித்தது.

“ஆரம்பிச்சுட்டாப்பா! சரி, வேற என்ன சொல்லணும்? பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பஸ் நீளத்துக்கு ஒரு சொல்லு, அதுவா? அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மீன் மட்டுமில்ல, சட்டியும் கரைஞ்சிடும்.”

“அது இல்ல. லோய்த்ரா.”

“என்னது?”

“லோய்த்ரா. உன் பொண்டாட்டி போன்ல லோய்த்ரா பண்ணிக்கிட்டு இருந்தா. ஆடு தலையத் தூக்காம பள்ளம் பள்ளமா மேயுமே, அந்த மாதிரி.”

பெர்சி கண்களைச் சுருக்கினார். ஸ்வாவாவின் முகத்தில் இரக்கம் தயாராயிற்று. அடுத்த வீட்டுக் குழந்தை பாட்டுப் பாடப் போகிறது என்றதும் விருந்தினர் முகத்தில் வருவது அத்தகைய இரக்கம்தான். நாற்பது சொற்களின் நல்லடக்கத்திலும் ஹெர்தீஸ் அதைக் கண்டிருக்கிறார்.

“இது உங்க கமிட்டியில செஞ்சதா?” என்றார் பெர்சி.

வாயைத் திறந்தபோது ஹெர்தீஸ் சொல்ல நினைத்தது ‘ஆமாம்’ என்பதே. சான்றில்லாத சொற்பிறப்புக் கதை திருட்டுக்குச் சமம் என்று ஆண்டுதோறும் வகுப்பின் முதல்நாளில் சொல்லிவந்தவர் அவர்.

“இல்ல,” என்றார். “லங்கனெஸ் பக்கத்துச் சொல்லு. எங்க பெரியப்பா ஆடுங்களப் பத்திச் சொல்லுவார்.”

பெரியப்பா இருந்தது உண்மை. தோர்மோதுர் என்று பெயர். நாட்டின் வடகிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் லங்கனெஸில் ஆடு வளர்த்தார். கோடை விடுமுறைகளில் ஹெர்தீஸை அங்கே அனுப்பிவைப்பார்கள். ஒரு கோடை முழுதும் பெரியப்பாவின் வாயிலிருந்து வந்தவை இரண்டே: ஒன்று, பேச ஒன்றுமில்லாதபோது ஊரார் எல்லோரும் சொல்லும் ‘யாயா’, மற்றொன்று நாயின் பெயர். அத்தகைய மனிதர் எந்தச் சொல்லையும் சொல்லியிருக்கக்கூடும். இல்லை என்று மறுக்க அவரும் இப்போது இல்லை.

ஸ்வாவாவின் முகத்திலிருந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை.

“லங்கனெஸா?” என்றார் ஸ்வாவா. “இருக்கும். அங்க ரோடு போட்டதே எவ்வளவு லேட்டு! பழைய சொல்லெல்லாம் வெளிய வர வழியில்லாம அங்கேயே தங்கிடுச்சு.”

பெர்சி அதை வாய்க்குள் போட்டு உருட்டினார். “லோய்த்ரா. லோய்த்ரா... அட, என்னமா இருக்கு! இப்படி ஒரு சொல்லை வீட்டுல வெச்சுக்கிட்டு நம்மாளுங்க இங்கிலீஷ்காரன் வாசல்ல போய் நிக்கறாங்களே! ஏன் ஹெர்தீஸ், உங்க கமிட்டி வருஷம் பூரா உக்காந்தாலும் இப்படி ஒண்ணு வருமா?”

“வராது,” என்றார் ஹெர்தீஸ்.

குழாய்வேலைக்காரர் நுழையாத சமையலறை ஊரில் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி பெர்சி பேசிய பேச்சு, கிறிஸ்துமஸுக்குள் பல தெருக்களைக் கடந்தது. வங்கியில் ஸ்வாவா, வரிசையில் நின்றபடி கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “லோய்த்ரா பண்ணது போதும், அடுத்த ஆள் வாங்க,” என்றார். மளிகைக் கடையில் ஒரு தாய் தன் மகனை அந்தச் சொல்லால் திட்டினாள். பேருந்தில் இரண்டு பள்ளி மாணவிகள், “கணக்கு கிளாஸ் முழுக்க லோய்த்ரா பண்ணேன்டி,” என்று பேசிக்கொண்டதைக் கேட்ட ஹெர்தீஸ், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார். எதிர்க்காற்றில் அவ்வளவு தொலைவு திரும்பி நடந்ததில் அவருக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்கள் அதை வினையாக, சரியான இடத்தில், சரியான காலத்தில் பயன்படுத்தினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேசையில் பிறந்த குழந்தை மண்ணில் நடந்துகொண்டிருந்தது. தாய் யார் என்று கேட்பவர் இல்லை. அதுவே ஹெர்தீஸுக்கு மிகுந்த நிம்மதியாகவும் சிறிது வலியாகவும் இருந்தது.

ஜனவரியில் வானொலி அதைக் கண்டுபிடித்தது.

சொற்களைப் பற்றி வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தும் ஒட்னி, நாடெங்கும் அறிந்த குரலுக்குரியவர். “நேயர்களே, வடக்குப் பக்கத்துப் பழைய சொல் ஒண்ணு ஊருக்குள்ள வந்திருக்கு. லோய்த்ரா. உங்க வீட்டுல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?” என்றார். சமையலறையில் பின்னல் ஊசிகளோடு அமர்ந்திருந்த ஹெர்தீஸ் புன்னகை செய்தார். எவர் கேட்டிருக்க முடியும்?

முதல் அழைப்பு மேற்கு ஃப்யோர்துகள் எனும் கடற்கழிப் பகுதியிலிருந்து வந்தது. “கேட்டிருக்கேனாவா? நான் அதுலயே வளர்ந்தவ,” என்றாள் ஒருத்தி. “ஆனா ஆட்டுக்குச் சொல்றாங்களாமே, அது தப்பு. எங்க பக்கம் பசுவுக்கு மட்டும்தான். ஆட்டுக்குச் சொல்லியிருந்தா எங்கம்மா என் வாயில சோப்பு போட்டிருப்பா.”

ஹெர்தீஸின் ஊசிகள் நின்றன.

அடுத்தவர் கிழக்குக் கரை மீனவர். “ஆடாவது மாடாவது! மீன் இருக்கற இடம் தெரியாம வலைய இழுத்துக்கிட்டுச் சுத்தறதுதான் லோய்த்ரா. கடலடியில இல்லாத பள்ளமா? ஆட்டுக்காரங்க எங்ககிட்ட இருந்து கடன் வாங்கினாங்க. திருப்பித் தரல.”

மூன்றாமவர், தெற்கே உள்ள தீவொன்றிலிருந்து பேசியவர், அது பஃபின் பறவைக்கே உரிய சொல் என்றார். ஒட்னி இடைமறித்தார்: “ஐயா, உங்க தீவுல எல்லாச் சொல்லுமே பஃபினுக்குத்தான்.”

“பின்ன? வேற என்னங்க இருக்கு இங்க?”

காப்பி ஆறிப்போயிற்று. அழைத்தவர்களுள் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஹெர்தீஸை அச்சுறுத்தியது. பொய் சொல்பவரின் குரலை இலக்கண ஆசிரியர் அறிவார். வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. இவை நினைவுகூர்பவர்களின் குரல்கள். அந்தப் பசுவும் அந்த வலையும் அவர்களுக்குத் தெரிந்தன. நினைவு சான்றாகாது என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பார்! ஒரு நாடே சான்று தருவதை முதன்முறையாக அன்று கேட்டார்.

இறுதியில் வந்த குரல் அவருக்கு மிகவும் பழக்கமானது.

“ஒட்னி, நான் அகராதி அலுவலகத்து அஸ்கெல். இந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. எங்கேயோ கேட்டிருக்கேன், எங்கேயோ கேட்டிருக்கேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. எங்கன்னுதான் பிடிபடல. அப்புறம் பளிச்சுனு ஞாபகம் வந்துச்சு. வடக்க, ஸ்காகாஃப்யோர்துர்ல எங்க தாத்தா! குதிரை மேல உக்காந்துக்கிட்டு, மலைச்சரிவைக் கையால காட்டிச் சொல்லுவார்.”

“ஆகா! அப்ப இது உண்மையான பழைய சொல்தானா?”

“சந்தேகமே வேண்டாம். மண்ணுல மொளைச்ச சொல்லுன்னா இதுதான். மேசை வாசனை கொஞ்சமும் இல்ல பாருங்க. புதுப் பதிப்புல சேர்க்கறோம். ‘வடக்கு வட்டார வழக்கு, பதினெட்டாம் நூற்றாண்டு அல்லது அதற்கும் முந்தியது.’”

பின்னல் தரையில் விழுந்தது. ஹெர்தீஸ் அதை எடுக்கவில்லை.

அவருடைய மேசைமேல் அந்த அகராதி இருந்தது. ஓரங்களில் அவருடைய பென்சில் திருத்தங்கள் நிரம்பியது. அவர் ஐயமின்றி நம்பிய ஒரே நூல். அதற்குள் ஒரு பொய் அச்சேறப் போகிறது. அதை எழுதப் போகும் கை அஸ்கெல்லுடையது. எழுதவைத்த வாய் தன்னுடையது. மறுவாரச் சிறப்பு நிகழ்ச்சியில் அஸ்கெல்லுடன் அமர்ந்து இச்சொல்லைப் பற்றிப் பேச வரும்படி, சொற்குழுத் தலைவர் என்ற முறையில், ஒட்னி அவரை அழைத்தபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகே விளைவு புலப்பட்டது. உண்மையைச் சொன்னால், லோய்த்ரா செய்தது குழு என்று ஊர் அறியும். அறிந்த அன்றே பெர்சி அதைத் துப்பிவிடுவார். அந்தப் பள்ளி மாணவிகளும் துப்புவார்கள். சொல்லாவிட்டால், சொல் வாழும், அகராதி பொய்யுரைக்கும். மூன்றாவது வழி ஒன்றைத் தேடினார். ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே, பழைய மொழியில், இருமை என்று ஒன்று இருந்தது. அதுவும் வழக்கொழிந்துவிட்டது.

நிகழ்ச்சி நாளன்று நல்ல கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டார். அடக்கத்துக்கு அணியும் சட்டை அது. அன்று புதைக்கப்போவது தன்னுடைய ஒரே குழந்தையை என்பதால் அது பொருத்தமாகவே இருந்தது.

அஸ்கெல் தாத்தாவின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வானொலிக்கு அதனால் பயனில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. குதிரை, மலைச்சரிவு, கை காட்டிய திசை ஆகியவற்றை அவர் மிகுந்த நிறைவோடு விவரித்து முடித்தார். ஒட்னி திரும்பினார்.

“ஹெர்தீஸ், இந்தச் சொல்லை நீங்க முதல்முதலா எங்க கேட்டீங்க?”

“நான் கேக்கல,” என்றார் ஹெர்தீஸ். “செஞ்சேன்.”

“புரியலையே?”

“போன இலையுதிர் காலத்துல, என் சமையலறையில, உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தப்ப செஞ்சேன். பள்ளத்தோட பேருக்குப் பின்னால பழைய விகுதி ஒண்ணைச் சேர்த்தேன். எங்க பெரியப்பா அப்படிச் சொன்னதே இல்ல. அவர் எதுவுமே சொன்னதில்ல. தொட்டியில நான் சொன்னது பொய்.”

வானொலியில் அமைதி என்பது பெரிய குற்றம். ஒட்னி அன்று அதைச் செய்தார்.

முதலில் பேசியவர் அஸ்கெல். மருத்துவமனையில் படுக்கையோரம் நின்று பேசும் கனிவு அவர் குரலில் இருந்தது.

“ஹெர்தீஸ், இது நம்ம தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான். எப்பவோ காதுல விழுந்த சொல்லு உள்ள தங்கிடும். எங்க கேட்டோம், யார்கிட்ட கேட்டோம், எல்லாம் மறந்துபோயிடும். ஒருநாள் திடீர்னு மேல வரும். நம்மளோடதுன்னு தோணும். பாவம், மனசு பண்ற வேலை.”

“அஸ்கெல், இதை நான் குழுவுல வெச்சேன். நீங்க அங்கதான் இருந்தீங்க. க்ளெய்னாவக் காப்பியில தோய்ச்சுக்கிட்டே, கமிட்டி வாசனை அடிக்குதுன்னு சொன்னீங்க.”

“நானா?” அஸ்கெல் உண்மையாகவே திகைத்தார். “எங்க தாத்தாவோட சொல்லையா? நான் போய் அப்படிச் சொல்லுவேனா?”

அந்த வாதத்துக்கு மறுப்பு தருக்க நூல்களில் இருந்திருக்காது.

அதற்குள் தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒட்னி ஒன்றைத் தொட்டார். லங்கனெஸிலிருந்து ஒரு மூதாட்டி. குரலில் நடுக்கம் உண்டு, தயக்கம் இல்லை.

“தோர்மோதுரோட தம்பி பொண்ணா பேசறது?”

“ஆமாம்.”

“நான் பக்கத்துப் பண்ணைக்காரி. பெரியப்பா எதுவுமே பேசமாட்டார்னு சொல்றியே, உங்கிட்ட பேசல. எங்கிட்ட நல்லாப் பேசுவார்.”

பெரியப்பாவைப் பற்றி ஹெர்தீஸ் அறிந்திருந்த ஒரே செய்தியும் அந்தக் கணத்தில் தவறாயிற்று.

“வேலியோரம் வந்து நிப்பார்,” என்று மூதாட்டி தொடர்ந்தார். “அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ‘பாரு, ஆடெல்லாம் லோய்த்ரா பண்ணுது’ன்னு சொல்லுவார். இந்தக் காதால கேட்டேன். அந்த மனுஷன் ஆஸ்தின்னு விட்டுட்டுப் போனதே அந்த ஒரு சொல்லுதான். அதையும் நான்தான் செஞ்சேன்னு ரேடியோவுல வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“மன்னிச்சுக்கங்க,” என்றார் ஹெர்தீஸ். பழஞ்சொற்களைத் தம்முடையவை என்று உரிமை கொண்டாடும் குழுக்காரர்களைக் கண்டித்து மேற்கு ஃப்யோர்துக்காரியும் கிழக்குக் கரை மீனவரும் அடுத்தடுத்து அழைத்தார்கள். பசுவா மீனா என்பதில் வேறுபட்ட அவ்விருவரும் இதில் ஒன்றுபட்டனர்.

“யாயா,” என்றார் ஒட்னி. பிறகு வானிலை அறிக்கை.

வெளியே வந்ததும் அஸ்கெல் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். இரக்கம் அவரைத் தாராளமாக்கியிருந்தது.

“மனசுல வெச்சுக்காதீங்க, ஹெர்தீஸ். உங்களுக்காக ஏதாவது செய்யணும்னா சொல்லுங்க.”

ஹெர்தீஸ் சற்று யோசித்தார். “அகராதியில அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போடுவீங்களா?”

“கேள்விக்குறியா?” அஸ்கெல் மிகவும் தயங்கினார், தாத்தாவை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். “சரி. சின்னதா ஒண்ணு போடறேன். அடைப்புக்குறிக்குள்ள.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அப்பதிப்பில் அந்தக் கேள்விக்குறி இன்றும் இருக்கிறது. அகராதி முழுவதிலும் ஹெர்தீஸ் எழுதியது அது ஒன்றுதான், அதில் பிழையில்லை.

மறுநாள் காலை தொட்டிக்குப் போகத்தான் வேண்டுமா என்று அவர் யோசித்தார். போகாமலிருந்தால் அதைப் பற்றியும் பேசுவார்கள். குளத்து விதிப்படி சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, காற்றுக்குத் தலை குனிந்துகொண்டு நடந்து, படியில் இறங்கினார். பெர்சி எழுந்தார், நீர் பீய்ச்சும் மூலையை விட்டு நகர்ந்தார், அங்கே உட்காரும்படி கையைக் காட்டினார். அந்த மூலையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததாகத் தொட்டியின் வரலாற்றில் இல்லை.

“விடு, ஹெர்தீஸ்,” என்றார். “நல்ல சொல்லு ஒண்ணைப் பாத்தா நாமதான் பெத்தோம்னு யாருக்கும் தோணும். நான்கூட ஒரு தடவ, குளியலறைக் குழாய நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஒரு கல்யாணத்துல சத்தியம் பண்ணேன்.”

“நீ குடிச்சிருந்த,” என்றார் ஸ்வாவா.

“அதான் சொல்றேன். அவளுக்கு அந்தச் சாக்கும் இல்ல, பாவம்.”

“எங்க வங்கியில எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசினாங்க, ஹெர்தீஸ். ஒருத்தரும் கோபமா பேசல. உனக்கு ரெஸ்ட் வேணும்னாங்க. நாளெல்லாம் வேலையே பாக்காம உன்னைப் பத்தி லோய்த்ரா பண்ணிக்கிட்டு இருந்தாங்க.”

ஹெர்தீஸ் நிமிர்ந்து பார்த்தார். சொல் சாகவில்லை. உண்மையை ஒலிவாங்கி முன் சொல்லியும் சாகவில்லை, முன்னைவிடக் கொழுத்திருந்தது. முதுகில் வெந்நீர் பீய்ச்சியது. அந்த மூலையை பெர்சி ஏன் இத்தனை காலம் காத்துவந்தார் என்பது புரிந்தது.

“அதை விடுங்க,” என்றார் பெர்சி. “இன்னிக்கு நானே லேட்டு. அலாரம் அடிச்சுது. ஸ்நூஸ் போட்டேன். மறுபடி அடிச்சுது. மறுபடி ஸ்நூஸ். பொண்டாட்டி எட்டி உதைச்சப்புறம்தான் எழுந்தேன்.” திடீரென்று நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், துக்க வீட்டில் கேட்கத் தகாத கேள்வி ஒன்றைக் கேட்பவர்போல. “ஏன் ஹெர்தீஸ், உங்க பெரியப்பா இதுக்கு ஏதாவது சொல்லுவாரா?”

நீராவிக்கு அப்பால் வானம் கறுப்பாகவே இருந்தது. ஹெர்தீஸ் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டார். நாடு முழுதும் கேட்கும்படி, தெளிவான உச்சரிப்பில், முழு வாக்கியங்களில் சொன்னார். நாடு அதைப் பரிசீலித்துப் பெரும்பான்மையால் நிராகரித்தது. நிராகரிக்கப்பட்டதை எழுதிவைக்கும் மரபு இங்கே இல்லை.

“சொல்லுவார்,” என்றார். “விடியக்காலையில ஆடுங்க முழிச்சும் முழிக்காம, கண்ணை மூடி மூடித் தெறந்துக்கிட்டுப் படுத்திருக்கும்ல? அதுக்கு ‘மோக்ரா’ம்பார்.”

“மோக்ரா,” என்றார் பெர்சி மெதுவாக. “மோக்ரா... ஆகாகா! ஏய், கேட்டியா ஸ்வாவா? நான் இன்னிக்கு மோக்ரா பண்ணேன்!”

ஸ்வாவா கண்களை மூடிக்கொண்டார். குல்லாயின் விளிம்பில் ஆலங்கட்டி ஒன்று உருகிச் சொட்டியது.

“இரு, இரு,” என்றார். “இதை நான் சின்ன வயசுல கேட்டிருக்கேனே.”

ஹெர்தீஸ் முகவாய் நனையும்வரை நீருக்குள் இறங்கி உட்கார்ந்தார்.